தேவதை என்று சொல்லிவிட்டால் சம்பளம் தர வேண்டாம்

2020, 2021இல் முகநூலில் எழுதிக் குவித்த கொரோனாக் கவிதைகளை இப்போது எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆண் டாக்டர் என்றால் ‘போர்வீரர்’. பெண் டாக்டர் என்றால் ‘தாய்’, ‘தேவதை’. போர்வீரன் சண்டை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். தாய்க்கு வேலை முடிகிற நேரம் என்று ஒன்று உண்டா? இந்தப் பாராட்டில் எனக்கு இருக்கும் கோபம் அதுதான்.

குடும்ப மருத்துவர்களைப் பற்றிச் சொல்கிறேன். தொலைக்காட்சி ஐ.சி.யூ.வைக் காட்டியது. ஆனால் காய்ச்சல் வந்தவுடன் நாம் ஓடியது கடை வரிசையில் இருக்கும் கிளினிக்குக்கு, இல்லையென்றால் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்கு. இது டெங்கியா கோவிட்டா என்று முதலில் யோசித்தவர் அங்கே உட்கார்ந்திருந்தவர். அவரிடம் காய்ச்சல் மட்டுமா வந்தது? வேலை போன கதை வந்தது, தூக்கம் வராத கதை வந்தது, வீட்டில் அடி வாங்கிய கதையும் வந்தது. கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் தாலியான் காசே எண்ணுக்கு அழைப்புகள் கூடின. அந்த எண்ணைச் சுற்றத் தைரியம் இல்லாதவள் இருமலைக் காரணம் காட்டி டாக்டரம்மாவிடம்தான் போவாள்.

2020 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்க முதல்நிலை மருத்துவர்களின் 2017ஆம் ஆண்டுத் தரவை வைத்துச் செய்தது. பெண் மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 2.4 நிமிடம் அதிகம் கொடுத்தார்கள். ஆண்டு முழுக்கக் கூட்டினால் நோயாளிகளோடு அவர்கள் செலவிட்ட நேரம் ஆண்களைவிடக் கூடுதல். ஆனால் பார்த்த தலைகள் குறைவு. அதனால் அவர்கள் ஈட்டிய வருவாய் கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைவு.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பொறியாளன். ஒரு ஸ்டேஷனில் ஒரு பீஸுக்கு 2.4 நிமிடம் கூடுதலாகப் போனால், அங்கே என்ன வேலை கூடுதலாக வந்து விழுகிறது என்றுதான் முதலில் பார்ப்போம். ஆள் போடுவோம், இல்லையென்றால் டார்கெட்டைத் திருத்துவோம். ‘இந்த ஆப்பரேட்டர் ரொம்பக் கருணையானவர்’ என்று யாரும் கவிதை எழுத மாட்டோம்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? பெருந்தொற்றுக் காலத்தில் தனியார் கிளினிக்கில் டாக்டர் பார்ப்பதற்கான கட்டணம் 2006ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 முதல் 35 ரிங்கிட். சளிக்கு மருந்து எழுதினாலும் அதே வரம்பு, முன்னால் ஒருத்தி உட்கார்ந்து அழுதாலும் அதே வரம்பு. அழுகையைக் கேட்ட நேரம் இலவசம். அந்த இலவசத்துக்கு நாம் வைத்த பெயர் தாய்மை.

அப்புறம் வீடு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் மகளிர் அமைச்சு பெண்களுக்கு அறிவுரை வெளியிட்டது: வீட்டில் இருந்தாலும் ஒப்பனை செய்யுங்கள், கணவரிடம் நச்சரிக்காமல் டோரேமோன் குரலில் பேசுங்கள். உலகம் சிரித்தது, அமைச்சு மன்னிப்புக் கேட்டது. சிரிப்போடு விஷயத்தை விட்டுவிட்டோம். வீட்டு வேலையைச் சொல்லிச் செய்ய வைப்பதுகூட அவள் பொறுப்பு, அதையும் கொஞ்சிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதுதானே அந்த அறிவுரை? கிளினிக்கில் கவசத்தைக் கழற்றிவிட்டு வந்தவருக்கும் இதே வீடுதான். பள்ளிகள் திறந்து திறந்து மூடின. இணைய வகுப்புக்குப் பிள்ளையை உட்கார வைத்தது பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘ஆண் டாக்டர்கள் கஷ்டப்படவில்லையா?’ என்பீர்கள். பட்டார்கள். இந்தக் கிருமி ஆண்களைத்தான் அதிகம் கொன்றது. பயத்தை வெளியே சொல்ல முடியாத சுமை அவர்களுடையது. அதையும் எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் கிளினிக்குக்குக் கிளம்பும்போது ‘பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்ற கேள்வி அவர்களில் எத்தனை பேரை வாசலில் நிறுத்தியது?

உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது: சுகாதாரப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளில் 25 சதவீதம்தான். தொற்று வருவதற்கு முன்பே தெரிந்த கணக்கு இது. தொற்றுக்குப் பிறகு என்ன மாறியது? திருத்திய வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் அம்மாவுக்கு 98 நாள் விடுப்பு தருகிறது, அப்பாவுக்கு 7 நாள். பிரசவித்த உடம்புக்கு ஓய்வு வேண்டும், சரி. பிள்ளை வளர்ப்பில் அப்பாவின் பங்கு ஒரு வாரம்தானா?

டாக்டரின் நேரத்துக்குக் கட்டணம் போடுங்கள். கிளினிக் வேலை நேரத்துக்கு ஏற்ற குழந்தைக் காப்பகம் கொடுங்கள். அப்பாவின் விடுப்பை உயர்த்துங்கள். இவை அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை. எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த தொற்று வரும்போது தேவதைக் கவிதை வேண்டாம். அந்த டாக்டர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார், வந்த பிறகு என்னென்ன செய்தார் என்று எழுதுங்கள்.