பகலில் ஏன் இருள்?

ஞாயிறு உச்சியில் நிற்கும்போதும் விளக்கேற்றி வாழ்வோர் நம் நாட்டில் உளர். மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டை, எல்கடுவைப் பகுதித் தோட்டங்களின் பழைய லயன்களுட் புகுந்தோர் இதனை அறிவர். முதுகோடு முதுகொட்டிக் கட்டப்பட்ட அவ்வரிசைகளில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு முன்வாயிலன்றி ஒளி புகும் வழி அரிது.

இவ்விருளுக்கு விலையும் உண்டு. மின்கட்டணம் 2022 ஓகஸ்ற்றில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. பின்னர் ஏறியும் இறங்கியும் வரினும், நாட்கூலியாளர்க்கு ஒவ்வோர் அலகும் சுமையே.

பிறேசில் நாட்டில் மின்தடை மிகுந்த 2002 இல், அல்பிரெடோ மோசர் என்னும் இயந்திரத் தொழிலாளர் எளிய வழியொன்று கண்டார். தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலில் நீர் நிரப்பி, பாசி படராதிருக்கச் சிறிது வெளுப்புத் திரவம் சேர்த்து, கூரைத் தகரத்தைத் துளைத்துப் பொருத்தினார். வெளியே நிற்கும் பகுதி வெயிலை ஏற்க, உள்ளே தொங்கும் நீர் அதனை நாற்புறமும் சிதறச் செய்கின்றது. நல்ல வெயிலில் 40 முதல் 60 உவாற்று மின்குமிழுக்கு அது நிகராம். 2011 முதல் பிலிப்பைன்சின் ஏழைக் குடியிருப்புகளிலும் இது பரவிற்று.

குறைகளும் உள. இரவில் இது பயன்படாது. துளையைச் செவ்வனே அடைக்காவிடின் மலைமழை உள்ளே ஒழுகும். அன்றியும், லயன் கூரை குடியிருப்போருக்கு உரியதன்று. அதிற் கைவைக்கத் தோட்டத் துரையின் இசைவு வேண்டும். எனவே போத்தல் இடைக்கால உதவியே. உரிமையுள்ள தனிவீடே தீர்வு. மலையகத்துக்கென 2017 இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீடுகள் போன்றவற்றில், எதிரெதிர்ச் சாளரங்களும் கூரையில் ஒரு கண்ணாடி ஓடும் கட்டாயமாதல் வேண்டும். பிள்ளைகள் பகலிலேனும் விளக்கின்றிப் படிக்கட்டும்.