மருத்துவச் சீட்டுக்கும் மறுவாசிப்பு வேண்டும்

ஒரு பிரதிக்கு ஒரே வாசிப்பு போதாது என்பது சிற்றிதழ் மரபு நமக்குக் கற்றுத்தந்த முதற்பாடம். ஒரு நாவலுக்கு வந்த மதிப்புரையை வேதவாக்காகக் கொள்ள நாம் மறுக்கிறோம். மறுப்பு எழுதுகிறோம், மறுப்புக்கும் மறுப்பு எழுதுகிறோம். அதே நாம், மருத்துவர் எழுதித்தந்த மூன்று வரிச் சீட்டை வாங்கிக்கொண்டு கைகூப்பி வெளியே வருகிறோம். பூசிய களிம்பு முகத்தை எரித்த பின்னும், இன்னொரு மருத்துவரிடம் காட்டுவதை நன்றிகெட்ட செயலாகக் கருதுகிறோம். இந்த இரட்டை நிலையைத்தான் இங்கே கேள்விக்குட்படுத்த விரும்புகிறோம்.

நெய்வேலி நகரியத்தை எடுத்துக்கொள்வோம். 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் இங்கே வட்டம் வட்டமாகக் குடியிருப்புகளை அமைத்தது. பள்ளியையும் மருத்துவமனையையும் கொடுத்தது. புத்தகக் கண்காட்சியையும் நடத்தியது. தமிழகத்தின் பல ஊர்களுக்கு வாய்க்காத பேறு இது. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் ஊரில் ஒரு மனப்பழக்கமும் கூடவே வளர்கிறது: இங்கே சொன்னதே முடிவு. புதுச்சேரி ஜிப்மருக்கோ சிதம்பரத்துக்கோ புறப்படுகிறவரை, 'இங்கே என்ன குறை?' என்ற கேள்வி வாசலிலேயே மறிக்கிறது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊர் என்பதால் வேறொரு வசதியும் உண்டு. தோலில் எது வந்தாலும் கரித்தூளையும் சாம்பலையும் வெயிலையும் காட்டிவிடலாம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் காரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால், 'முகத்தில் என்ன பூசினீர்கள்?' என்ற கேள்வி எழாமலே போகிறது.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று உண்டு. இந்தியத் தோல்நோய் மருத்துவர்கள் பல ஊர்களில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ ஏழில் ஒருவர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்லர். அரிப்பு போன்ற தோல் தொல்லைகளுக்கான மருந்து, முகவெளுப்புக் களிம்பாக வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத 'எச்' அட்டவணையின்கீழ்க் கொண்டுவந்தது. அட்டவணை என்ன சொன்னாலும், மருந்துக்கடைப் பையனிடம் முகத்தைக் காட்டி மருந்து கேட்கும் பழக்கம் நம்மை விடவில்லை.

இந்தக் களிம்பின் தந்திரம் அது தரும் முதல் பலனிலேயே இருக்கிறது. பெட்டாமெத்தசோனோ மொமெட்டசோனோ பூசிய சில நாட்களில் சிவப்பு அடங்கும், நிறம் வெளுக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் தெரியும், பருக்கள் கிளம்பும், பெண்கள் முகத்திலும் ரோமம் வளரும். நிறுத்தினாலோ முகம் முன்னைவிடச் சிவந்து எரியும். உடனே மீண்டும் பூசச் சொல்கிறது மனம். நிறத்திட்டுகளைப் போக்க ஸ்டீராய்டும் சேர்ந்த மூன்று மருந்துக் கலவையொன்றை 1975-இல் முன்வைத்த அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன்தான், 1979-இல் 'ஸ்டீராய்டு அடிமைத்தனம்' பற்றியும் எழுதினார்.

இரண்டாம் கருத்து தோற்றுப்போவதும் இங்கேதான். முதலில் களிம்பு தந்தவர் முகத்தை வெளுக்க வைத்தார். அதை நிறுத்தச் சொன்ன நேர்மையான மருத்துவரிடம் போனபின் முகம் எரிகிறது. ஊர் யாரைக் கைராசிக்காரர் என்று சொல்லும்? நமது வாதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை மருத்துவர்களை மாற்றிக்கொண்டே போவதை நாம் இரண்டாம் கருத்து என்று சொல்லவில்லை. பிடிக்காத பதிலையும் பொறுமையோடு கேட்டு, அதன் காரணத்தை விளங்கிக்கொள்வதே இரண்டாம் கருத்து.

தோல்தானே என்று அலட்சியம் செய்பவர்கள் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைப் பார்க்கட்டும். கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் பதிவானார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகவெளுப்புக் களிம்பு பூசியவர்கள். அத்தகைய களிம்புகளில் பாதரசம் இருந்தது. கால் வீங்கி வந்தவரிடம் முகத்தில் பூசுவதைப் பற்றிக் கேட்கத் தோன்றிய மருத்துவர்களால்தான் இது வெளிப்பட்டது. கேள்வி மாறியபோது நோயின் காரணமும் தெரிந்தது.

மருத்துவரை அவமதிப்பதாகாதா என்பார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-இல் வெளியான நோயாளர் உரிமைச் சாசன வரைவில் 17 உரிமைகள் உள்ளன. இரண்டாம் மருத்துவக் கருத்தைப் பெறுவது அவற்றில் ஒன்று. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் உள்ளது. தன் முடிவின்மேல் நம்பிக்கையுள்ள மருத்துவர் இதற்குக் கோபப்படக் காரணமில்லை. கோபப்பட்டால், அதுவே இன்னொருவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

நம் வட்டத்துக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டியிருக்கிறது. முகப்பூச்சு நமக்கு அற்ப விஷயம்; அழகுணர்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், வெளுக்க ஆசைப்பட்டு முகம் வெந்துபோன பெண்ணை 'உனக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்கிறோம். 1975-இல் சந்தைக்கு வந்த ஒரு களிம்பு 2020-இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை உதறியது; பெண் பார்க்கும் படலத்தில் அந்தச் சொல் இன்னும் உதிரவில்லை. பழிப்புக்கு அஞ்சுகிறவள் பூசியதை மறைப்பாள். மறைத்தால் முதல் கருத்தும் பிழைக்கும், பத்தாவது கருத்தும் பிழைக்கும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பூசிய குழாயையும் அட்டைப்பெட்டியையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். தோல்நோய்க்கெனப் படித்த இன்னொரு மருத்துவரிடம், பேருந்தேறித்தான் போகவேண்டுமென்றாலும், போங்கள். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் இதைக் கேட்கத் தயங்கும் பெண் இருந்தால் கூடப் போங்கள். ஒரு கவிதைக்கு நாம் தரும் மறுவாசிப்பைச் சொந்தத் தோலுக்குத் தரக்கூடாது என்று எந்த மரபும் சொல்லவில்லை.