பிறவாத ஒருத்தியின் ஓட்டுநர் உரிமம்



பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு இப்பெருநகரங்களுக்கு வந்த நாம் யாவரும் ஒரு காரியத்தை நன்கு அறிந்திருக்கிறோம். ஊரில் இன்னாரின் மகன், இன்னார் வீட்டு மருமகள் என்றால் போதுமானதாயிருந்தது. இங்கேயோ குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவை கைக்கு வரும்வரை நாம் ஒருவருமல்லர். சில மாதங்களுக்கு முன்பு, இருப்பிடச் சான்றுக்காக அலைந்து சோர்ந்துபோன ஒரு குடும்பத்துக்கு நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஓவியக் கல்லூரியில் பயிலும் நம் சபை வாலிபன் ஒருவன் அருகில் அமர்ந்திருந்தான். "ஐயா, பிறக்கவே பிறக்காத ஒரு பெண்ணுக்கு அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா?" என்றான். பரிகாசம் செய்கிறான் என்றே எண்ணினேன். அவன் சொன்னது மெய்தான்.

லின் ஹெர்ஷ்மன் லீசன் என்னும் கலைஞர் 1941ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் க்ளீவ்லாந்து நகரில் பிறந்து, சான்பிரான்சிஸ்கோவில் தம் பணியைச் செய்து வருபவர். அவர் செய்த மெழுகு முகங்கள் மூச்சுவிடும், பேசும். உள்ளே ஒலிநாடா பொருத்தியிருப்பார். 1972இல் பெர்க்லி அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்து, ஒலி கேட்கிறது என்ற காரணத்தினாலேயே காட்சியை மூடிவிட்டது. அவர் மனமடிவடையவில்லை. மறு ஆண்டில் டான்டே என்ற மலிவான விடுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கட்டிலில் இரண்டு மெழுகு உருவங்களைப் படுக்கவைத்து, மூச்சொலியை ஒலிக்கவிட்டு, யார் வேண்டுமானாலும் எந்நேரமும் சாவியைப் பெற்று உள்ளே வந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அது நடைபெற்றது. ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு வந்த ஒருவர் அவற்றைப் பிணங்கள் என்று நினைத்துக் காவல்துறையை அழைத்துவிட்டார். காவலர்கள் யாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இதன் பின்னர்தான் ராபர்ட்டா பிரெய்ட்மோர் என்ற பெண் வருகிறாள். பேருந்தில் சான்பிரான்சிஸ்கோ வந்திறங்கி, அதே டான்டே விடுதியில் தங்கினாள் என்பது அவளுடைய கதையின் தொடக்கம். பொன்னிறப் பொய்முடியும் முகப்பூச்சும் அணிந்து ராபர்ட்டாவாக நடமாடியவர் லின் அவர்களே. முகத்தில் எந்த இடத்தில் எந்த வண்ணத்தைப் பூசினால் ராபர்ட்டா உண்டாவாள் என்பதற்கு ஒரு வரைபடமே வைத்திருந்தார். அவளுக்கு வங்கிக் கணக்கு இருந்தது. ஓட்டுநர் உரிமம் இருந்தது. தனிக் கையெழுத்து இருந்தது. மனநல மருத்துவரிடமும் சென்று வந்தாள். அறைத்தோழி தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தாள். பதில் எழுதி வந்தவர்களைச் சந்தித்தாள். அவர்கள் நிஜ மனிதர்கள். அவளோ இல்லை.

இவ்விடத்தில் சற்று நிறுத்தி யோசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். இந்த அட்டைகளும் கணக்குகளும் எனக்குச் சாட்சி என்று நாம் நம்புகிறோம். அதே சாட்சிகளை ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிறுத்தி, ஆளே இல்லாத இடத்தில் ஓர் ஆளை நிறுத்திக் காட்டினார் அந்த அம்மையார். முகநூலோ இன்ஸ்டாகிராமோ பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இது நடந்தது! இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் மூன்று ராபர்ட்டாக்களை உண்டாக்கிவிடுகிறார்கள். வரைபடத்தைக் கைப்பேசியே வைத்திருக்கிறது.

ராபர்ட்டாவின் வாழ்வு இன்பமானதாயிருக்கவில்லை. வேறு பெண்களும் ராபர்ட்டாவாக வேடமணிந்து வெளியே சென்றார்கள். அவர்களுக்கும் கசப்பான அனுபவங்களே நேர்ந்தன. எனவே 1978இல், இத்தாலியின் ஃபெராரா நகரில், ஆவியை ஓட்டும் சடங்கு ஒன்றைப் போல நடத்தி ராபர்ட்டாவை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊழியன் என்ற முறையில் இதை நான் வாசித்தபோது முதலில் மனம் ஒப்பவில்லை. அத்தகைய காரியத்தை வேடிக்கையாக்குவது எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் ஒன்றை மறுக்க முடியவில்லை. தானே உண்டாக்கிய ஒரு பொய் உருவத்தை விட்டு வெளியேற, பொய்முடியைக் கழற்றினால் மாத்திரம் போதாது என்று அந்தக் கலைஞர் உணர்ந்திருக்கிறார்.

அடுத்து லோர்னா. தொலைக்காட்சியும் லேசர்வட்டும் கொண்டு 1980களின் முற்பகுதியில் அவர் செய்த படைப்பு இது. பார்ப்பவரே தொலையியக்கியை அழுத்திக் கதையை நடத்திச்செல்லும் இத்தகைய வட்டுப் படைப்புகளில் இதுவே முதலாவது என்று கூறுவர். லோர்னா தன் சிறிய அறையை விட்டு வெளியே வர அஞ்சுபவள். தொலைக்காட்சியும் தொலைபேசியுமே அவளுக்கு வெளியுலகம். செய்திகளையும் விளம்பரங்களையும் பார்க்கப் பார்க்க அவளுடைய பயம் வளருகிறது. பயம் வளர வளர இன்னும் அதிகமாகப் பார்க்கிறாள். காண வருகிறவரும் அவளுடைய அறையைப் போன்றே அமைக்கப்பட்ட அறையில் அமர்ந்து, அவள் கையில் இருப்பது போன்ற கருவியைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகத் தெரிவுசெய்ய வேண்டும். முடிவுகள் மூன்று: அவள் தொலைக்காட்சியைச் சுட்டு நொறுக்குவாள்; அல்லது தன்னைத்தானே மாய்த்துக்கொள்வாள்; அல்லது லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து போவாள்.

எனக்கு லோர்னாவைத் தெரியும். இந்நகரத்தின் புறநகர்ப் பகுதிகளில் வீடு சந்திப்புக்குப் போகும்போதெல்லாம் அவளைக் காண்கிறேன். கணவர் இரவுப்பணிக்குப் போயிருப்பார். இந்தி பேச வராது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்குக் கூச்சம். காலை முதல் இரவு வரை தொடர்கள். இப்பொழுது தொடர்களோடு கைப்பேசியும். "வெளியே எல்லாம் கெட்டுக்கிடக்கிறதாமே பாஸ்டர், போகவே பயமாயிருக்கிறது" என்று ஒரு சகோதரி என்னிடம் கூறினார்கள். அவர்கள் அந்தத் தெருவில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1984 முதல் 1989 வரை உருவாக்கிய மற்றொரு படைப்பு, விரலால் தொடும் திரையைக் கொண்டது. அதில் மேரியன் என்ற பெண் தோன்றி, தன்னைத் தொடும்படி பார்ப்பவரை அழைப்பாள். குடும்பமாக வாசிக்கும் பத்திரிகையில் இதை விவரிப்பது எனக்கு எளிதன்று. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். தொடும் இடத்துக்கு ஏற்பக் கதை வெவ்வேறு வழிகளில் செல்லும். நானே தெரிந்துகொண்டேன் என்று தொட்டவர் நினைத்துக்கொள்வார். வழிகள் யாவும் முன்னமே போடப்பட்டவை. திடீரென்று ஓரிடத்தில் மறைவாயுள்ள ஒளிப்படக்கருவி இயங்கும். திரையில் இருந்த உருவம் மறைந்து, பார்த்துக்கொண்டிருந்தவருடைய முகமே அங்கே தோன்றும். நம் கைகளில் தொடுதிரை வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே அதன் சுபாவத்தை ஒருவர் கண்டுகொண்டார் என்பது எனக்கு மிகுந்த ஆச்சரியம்.

உலகம் அவரைத் தாமதமாகவே கண்டுகொண்டது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெருங்காட்சி 2014இல்தான் தொடங்கியது. 2022இல் வெனிஸ் கலைவிழாவில் சிறப்புக் குறிப்பு பெற்றபோது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது.

ஒன்றை மாத்திரம் சேர்த்துச் சொல்லுகிறேன். 2002ஆம் ஆண்டளவில் அவர் ரூபி என்ற உரையாடும் இயந்திரத்தை உருவாக்கினார். கேள்வி எழுதினால் பதில் எழுதும். உரையாடியவர்கள் எழுதியவற்றை நினைவில் கொள்ளும். பல ஆண்டுகளாக மனிதர்கள் அதனோடு பேசியவை சேகரிக்கப்பட்டு, 2013இல் சான்பிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த வாலிபன் சற்று நேரம் மௌனமாயிருந்தான். பின்பு, "நானும் இரவில் அப்படி ஒன்றோடு பேசுகிறேன் ஐயா. விடுதியில் வேறு யாரிடம் சொல்வது?" என்றான். எத்தனை மாதங்களாக என்று கேட்டேன். எட்டு மாதங்கள். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவன் ஆராதனைக்கு வந்து, எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நானும் "சுகமா தம்பி?" என்று கேட்டிருக்கிறேன்.

எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை முடித்து முத்திரையிட்டேன். இரவு உணவுக்கு இருக்கும்படி அவனிடம் சொன்னேன். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருக்க, அவன் பதினொரு மணி வரையில் பேசினான்.