எளிய பரிசும் தலைதீபாவளியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பண்டிகைக் காலம் நெருங்கிவிட்டால் போதும், "செலவில்லாமல் நீங்களே செய்து பரிசளியுங்கள்" என்று வார இதழ்களும் தொலைக்காட்சிகளும் நமக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகின்றன. காலிப் புட்டியில் வண்ணம் தீட்டிப் பூச்சாடி, ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிப் படச்சட்டம், கொட்டாங்குச்சியில் குரங்குப் பொம்மை! நானும் அவற்றை ஆவலோடு பார்ப்பவன்தான். எளிமையை எள்ளி நகையாட இக்கட்டுரையை எழுதவில்லை. ஆயினும் ஓர் ஐயம் என்னை விடாமல் துரத்துகின்றது. எங்கள் ஊரில் பண்டிகைப் பரிசுக்காகக் கடன்பட்டோர் பலர் உண்டு. அவர்களுள் எவரும் பூச்சாடி வாங்கிக் கடன்படவில்லையே!

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள நெசவூர். திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது என்று வரலாற்றில் படிக்கிறோம். ஆனால் உறவுக்கு எல்லைக் கல் ஏது? நகரியிலும் புத்தூரிலும் எங்களுக்குச் சம்பந்திகள் உண்டு. தீபாவளிச் சீர் இங்கிருந்து அங்கே போகும். சங்கராந்திச் சீர் அங்கிருந்து இங்கே வரும்.

சிக்கனத்தை எங்கள் தெருக்களில் எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவைப் பிணைக்கும்போது மிஞ்சும் நூல் முனைகளைக்கூட யாரும் வீசி எறிவதில்லை. வண்டி பழுது பார்க்கும் பட்டறைகளில் எண்ணெய்க் கை துடைப்பதற்காகக் கழிவு நூலை எடைக்கு வாங்கிச் செல்வோர் உண்டு. அவற்றுள் சற்று நீளமான முனைகளை மட்டும் என் தாயார் தனியே பொறுக்கி வைப்பார். கொத்துக் கொத்தாகச் சேர்த்து மூன்று புரியாகச் சடை பின்னி, அச்சடையை வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்தால் அருமையான மிதியடி ஒன்று கிடைத்துவிடும். வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒரு குறிப்பு: பருத்தி நூலாக இருந்தால்தான் மிதியடி ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஐயமிருந்தால் ஒரு முனையை நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதத்தைப் போல எரிந்து சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறைந்துவிடும்.

பழையது தாழ்ந்தது என்ற எண்ணமும் நம்மவரிடம் முன்பு இருந்ததில்லை. பிறந்த குழந்தையின் உடலில் முதன்முதலாகப் படுவது கடையில் வாங்கிய புத்தாடையன்று. பாட்டியின் புடவையோ தாத்தாவின் வேட்டியோ பலமுறை துவைத்து மென்மையான துணிதான். தூளி கட்டுவதும் பழம்புடவையில்தான். வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் தையலிட்டுக் 'காந்தா' என்னும் போர்வை செய்து குடும்பத்தார்க்குப் பரிசளித்தனர். அவ்வாறு வீட்டில் தைத்த பழைய காந்தாக்கள் இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இவற்றோடு இன்றைய 'கழிவிலிருந்து கலை' போட்டிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இப்போட்டி நடவாத ஆண்டில்லை. போட்டிக்கு முதல் நாள் மாலை எழுதுபொருள் கடையில் கூட்டம் அலைமோதும். வண்ணத்தாள், பசை, சமிக்கி, ஜிகினாத்தூள் என்று நூறு நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய பிறகு, 'கழிவு' வேண்டுமே என்பதற்காகக் குளிர்பானம் ஒன்றை வாங்கிக் குடித்துப் புட்டியைக் காலி செய்த நண்பரை நான் அறிவேன்! அந்த ஜிகினாத்தூள் என்பது என்ன? பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலத்தின் பொடி. நுண்பிளாஸ்டிக் என்பதால் 2023 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அதைத் தூளாக விற்பதற்குத் தடை விதித்துள்ளன. நாமோ அதைத் தூவிச் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்குப் பரிசு வாங்குகின்றோம். பரிசு பெற்ற பூச்சாடி பத்தாம் நாள் குப்பைக்குப் போகின்றது.

அடுத்து, 'செலவில்லாத பரிசு' என்ற சொல். இச்சொல்லோடு எனக்குப் பெரும் பகையுண்டு. என் தாயார் ஒரு மிதியடி பின்னி முடிக்க நான்கு மாலைப் பொழுதுகள் ஆகின்றன. பகலெல்லாம் தார் சுற்றிவிட்டு, அடுப்பு வேலையும் முடித்துவிட்டு, அதன்பின் உட்காரும் இரண்டு மணி நேரம். ஆக மொத்தம் எட்டு மணி நேரம். ஓர் அலுவலகத்தில் அது ஒரு நாள் வேலை. இதற்குப் பெயர் செலவின்மையா? காசு செலவில்லை, அவ்வளவுதான். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஏனெனில் எங்கள் வீடுகளில் ஆணின் உழைப்புக்குக் கூலி உண்டு, கூடவே தார் சுற்றும் பெண்ணின் உழைப்பு அந்தக் கூலிக்குள்ளேயே கரைந்துவிடும். இந்த ஒரு செய்தியில் நம் அரசாங்கத்தைப் பாராட்டலாம். 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் பொங்கலுக்கு ஏழைகளுக்குத் துணி கிடைக்கிறது. நெய்பவருக்கு வேலையும் கிடைக்கிறது. பரிசு பெறுபவருக்குத்தான் அது இலவசம், நெய்தவருக்குக் கூலி உண்டு.

"எல்லோரும் பரிசுகளைக் கையாலேயே செய்துகொண்டால் உங்கள் ஊர்த் தறி என்னாவது?" என்று நண்பரொருவர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. தீபாவளிக்கு ஊரார் துணி வாங்கினால்தான் எங்கள் ஊரில் அடுப்பெரியும். ஆகவே துணி வாங்காதீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஒரு வேட்டி, ஒரு சேலை வாங்கியதால் குடும்பம் மூழ்கியதாக வரலாறில்லை. மூழ்கடிப்பது வேறொன்று.

அது தலைதீபாவளி.

என் தமக்கையார்க்கு மணமான ஆண்டு, மாப்பிள்ளைக்கு மோதிரம், சம்பந்தி வீட்டில் ஒவ்வொருவருக்கும் உடை, ஐந்து வகைப் பலகாரம், அவற்றை வைத்துக் கொடுக்கப் பாத்திரம் என்று பட்டியல் நீண்டது. இவற்றுள் எதையும் அவர்கள் வாய்திறந்து கேட்கவில்லை. கேட்காமலேயே செய்ய வேண்டியவை என்று ஊர் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றதே! என் தந்தையார் கூலிக்குத் தறி ஓட்டுபவர். தறி உரிமையாளரிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் என்றால் என்னவென்று நகரத்து நண்பர்கள் அறியமாட்டார்கள். அது கழியும் வரையில் வேறு தறிக்குப் போக முடியாது. கூலி உயர்வு கேட்டு ஊரே வேலையை நிறுத்தினாலும் முன்பணம் வாங்கியவரின் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும். ஒரு நாள் பண்டிகைக்கு இரண்டரை ஆண்டுகள் தறியோடு கட்டுண்டு கிடந்தார். அந்த மோதிரம் இப்போது அடகுக் கடையில் இருக்கின்றது. மாமா மீது குற்றமில்லை. மருத்துவச் செலவுக்கு வைத்தார். அதே தீபாவளிக்கு என் தாயார் பின்னிக் கொடுத்த மிதியடி இன்றும் அக்காவின் சமையலறை வாசலில் கிடக்கின்றது.

அப்படியானால் மோதிரத்துக்குப் பதில் மிதியடியை மட்டும் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்கிறீர்களா? முடியாது நண்பர்களே! இங்குதான் எளிய பரிசைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் தவறிவிடுகின்றனர். "எளிமையாகக் கொடுங்கள்" என்று கொடுப்பவனுக்கே அறிவுரை சொல்கிறார்கள். ஆனால் எளிமையாகக் கொடுக்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை. வசதி படைத்தவர் கைவினைப் பொருளைக் கொடுத்தால் அது ரசனை. நாங்கள் கொடுத்தால் அது இல்லாமை. எங்கள் வீட்டுப் பெண்ணைத்தான் அதற்காக ஒரு சொல் சொல்வார்கள். எளிய பரிசு எடுபடுமா என்பதை முடிவு செய்பவர் பெறுபவரே.

காந்தியடிகளின் பரிசு ஒன்று உண்டு. 1947 நவம்பர் 20 அன்று இங்கிலாந்தில் இளவரசி எலிசபெத்தின் திருமணம் நடைபெற்றது. உலகெங்கிலுமிருந்து வைரமும் பொன்னும் குவிந்தன. காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் செய்த சிறு துணியொன்றை அனுப்பினார். அதன் நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்ற சொற்கள் அமைந்திருந்தன. மணமகளின் பாட்டியாரான மேரி அரசியார் அதைக் கோவணம் என்று எண்ணி முகஞ்சுளித்தாராம்! மணமகளோ அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டுப் பிரதமருக்கு அதை எடுத்துக் காட்டினார் என்பது 2022இல் அவர் மறைந்தபோது செய்தியாக வந்தது. துணி ஒன்றுதான், பெற்றவர் மனம் இரண்டு. (நூற்றவர் பெயர் உலகுக்கே தெரியும். அந்நூலைத் துணியாக்கிய கை யாருடையது என்று எத்தனை பேர் கேட்டோம்? நெசவூர்க்காரனுக்கு இப்படியெல்லாம்தான் தோன்றும்.)

பெறுபவருக்கு அஞ்சிக் கொடுக்கும் பரிசும் நமக்குப் புதிதன்று. வெள்ளையர் ஆட்சியில் ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார் வீட்டு வாசலில் பழமும் மாலையுமாகக் காத்து நிற்பது வழக்கமாக இருந்தது. அதைக் கண்டு மனம் வருந்திய வள்ளிமலைத் திருப்புகழ் சுவாமிகள், துரைகளுக்கெல்லாம் துரையாகிய தணிகை முருகனைக் காண வாருங்கள் என்று மக்களை அழைத்துத் திருப்படி விழாவைத் தொடங்கி வைத்தார். இன்றும் டிசம்பர் 31 அன்று திருத்தணி மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து, படிக்கொரு திருப்புகழ் பாடி மக்கள் ஏறுகின்றனர். துரை போய்விட்டார். அந்த நாற்காலியில் சம்பந்தியை உட்கார வைத்துவிட்டோம்!

சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் திருத்தப்பட்டு 1985 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, திருமணத்தின்போது கேளாமல் கொடுக்கப்படும் பரிசுகளையும் பட்டியலிட்டு எழுதி வைக்க வேண்டும். பெண்வீட்டார் தரும் பரிசு வழக்கத்தை ஒட்டியதாகவும், கொடுப்பவரின் வசதிக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும். ஆனால் எந்தத் திருமண வீட்டிலும் மொய் நோட்டைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, இந்தப் பட்டியலைக் கண்டதில்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது நம் வகுப்பு மாணவிகளுக்கன்று. காகிதப்பூ செய்வதெப்படி என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். மாணவ நண்பர்களே, உங்களுக்குத்தான். நம் வீடுகளில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள் நாம். ஐந்தாறு ஆண்டுகளில் மாப்பிள்ளை ஆவோம். பட்டதாரி மாப்பிள்ளை என்பதற்காக நமக்குரிய சீர்ப் பட்டியல் இன்னும் இரண்டு வரி நீளும். முதல் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாகவே, "மோதிரம் வேண்டாம், தறித்துணியில் ஒரு வேட்டி சட்டை போதும், கடன் வாங்கினால் நான் வரமாட்டேன்" என்று சொல்லக்கூடியவன் மாப்பிள்ளை ஒருவனே. பெண்வீட்டார் வாயிலிருந்து அந்தச் சொல் வராது.

அதையும் தன் பெற்றோர் முன்னிலையில் உரக்கச் சொல்ல வேண்டும். மாமனார் காதில் மட்டும் தனியே சொன்னால் பயனில்லை. "பிள்ளை தங்கமானவர், ஆனால் சம்பந்தியம்மாள் என்ன நினைப்பாரோ" என்று மறுநாளே அவர் நகைக்கடைக்குப் போய்விடுவார். மாமா அப்படித் தனியாகத்தான் சொன்னார். என் தந்தையாரும் மறுநாள் போனார்.