சாவி யார் கையில்?



உங்கள் பெற்றோரைப் போலவே நானும் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வந்தவன். தமிழ்ப் புத்தகக் கடை இல்லாத ஊர்களில் எனக்குத் துணையாக இருந்தவை மின்னூல்கள். ஒருநாள் என் படிப்புக் கருவி பழுதானது. வேறொரு நிறுவனத்தின் கருவியை வாங்கினேன். முன்பு விலைகொடுத்து வாங்கிய நூல்களுள் ஒன்றும் அதில் திறக்கவில்லை.

அச்சு நூலை எந்தக் கடையில் வாங்கினாலும் எங்கும் படிக்கலாம். படித்தபின் தம்பி தங்கையருக்குத் தரலாம். மின்னூல் பலவும் அவ்வாறு இல்லை. விற்பவர் அதன் கோப்பில் பூட்டு ஒன்றை இடுகிறார். அவருடைய கருவியிலோ செயலியிலோ மட்டுமே அது திறக்கும். பணம் கொடுத்தவர் நாம். சாவியோ விற்றவர் கையில்.

இதனால் வரும் இழப்பு சிறிதன்று. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில், உரிமை பெறாதவர் விற்ற பதிப்பு என்று கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' புதினத்தை வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் நிறுவனம் அழித்தது. பின்னர் வருத்தமும் தெரிவித்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் திறவாமற்போயின. பணம் திரும்பி வந்தது, நூல்கள் வரவில்லை.

எழுத்தாளரின் உழைப்பு களவு போகாதிருக்கப் பூட்டு வேண்டாவா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயினும், கள்வரைத் தடுக்கும் பூட்டு, விலைகொடுத்தவரையும் வெளியே நிறுத்தலாகாது.

இதற்கு வழி உண்டு. 'ஈபப்' என்பது பல நிறுவனங்களின் கருவிகளும் ஏற்கும் பொது வடிவம். அதிலும் பூட்டிட இயலும். எனவே வடிவத்தோடு பூட்டைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைப் பூட்டின்றி, இலவசமாக வழங்கிவருகிறது. தொடக்கத்தில் அவற்றைப் படிக்கத் தனி எழுத்துரு தேவைப்பட்டது. ஒருங்குறிக்கு மாறியபின் அத்தடை நீங்கியது.

ஆகவே, மின்னூல் வாங்குமுன் விலையை மட்டும் பாராதீர்கள். 'இது வேறு கருவியிலும் திறக்குமா?' என்று கேளுங்கள். அடுத்த ஊருக்கு நீங்கள் புறப்படும்போது உங்கள் தமிழ் நூல்களும் உடன் வர வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. அச்சு நூலுக்கும் பூட்டிட்ட மின்னூலுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
2. மின்னூலுக்குப் பூட்டு தேவையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.