டிராக்டருக்குப் பல் வலி!

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சித்தப்பாவின் டிராக்டர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். 1982-ல் நிலவள வங்கிக் கடனில் வாங்கிய வண்டி. 35 குதிரை சக்தி. (கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு அவர்களுடையது இல்லை என்பது பின்னால் தெரியும்.) நாலு வருஷமாக வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகும். ஆனால் கியர் போட்டால் ஒரு சத்தம் வரும் பாருங்கள்... ஆட்டுக்கல்லில் ஆணியைப் போட்டு அரைக்கிற மாதிரி! கிளட்ச்சை விட்டால் வண்டி நகராது, நாம்தான் நகர வேண்டும்.

சித்தப்பா பையன் காயலான் கடைக்காரரையே வரவழைத்துவிட்டான். கிலோ 30 ரூபாய். ஒண்ணேமுக்கால் டன் என்று வைத்துக்கொண்டால் 52,500.

நான் பி.காம். சும்மா இருப்பேனா? "சித்தப்பா, தேய்மானக் கணக்குப்படி பார்த்தா இதோட மதிப்பு எப்பவோ ஒரு ரூபாய்க்கு வந்திருக்கும். 52,500 கிடைச்சா அத்தனையும் லாபம்!" என்றேன்.

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோழி குஞ்சு பொரிக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குஞ்சு பொரிக்க இருபத்தோரு நாள். அதற்குள் சித்தியிடமிருந்து போன். "தெனம் ராத்திரி சாப்பிட்டுட்டு அந்த வண்டிகிட்டதான்டா போய் உக்காந்திருக்காரு. அதை வித்துட்டா எங்கே போய் உக்காருவாரு?"

இதற்கு பி.காம்.-ல் பதில் இல்லை. சரி, ரிப்பேர் பண்ணிவிடுவோம் என்று தீர்மானித்தேன். என் திட்டம் சுலபமானது. இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பது, புது பெயின்ட், புது சீட். நீடாமங்கலத்திலிருந்து ஒரு பாய் வந்தார். நாற்பது வருஷ டிராக்டர் மெக்கானிக். இன்ஜின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெயின்ட் அப்புறம் அடிக்கலாம் தம்பி. மொதல்ல பின்னாடி பாப்போம். இது பல் வலி."

பழைய டிராக்டர் விஷயத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இதுதானாம். காருக்கு அடியில் சட்டம் இருக்கும். டிராக்டருக்கு அது கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றையும் போல்ட் போட்டுக் கோத்தால் அதுதான் உடம்பு, அதுதான் முதுகெலும்பு. இந்த வித்தையை உலகம் முழுக்கப் பரப்பியது 1917-ல் வந்த ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன். விலை மலிவு. ஆனால் அதன் பின் ஆக்ஸிலில் இருந்த வார்ம் கியர் உரசி உரசிக் கொதிக்கும். நேர் மேலே டிரைவர் சீட்! அமெரிக்க விவசாயி எப்படி உட்கார்ந்து உழுதிருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆக, ஆக்ஸில் கோளாறு நம்மூர் வியாதி மட்டும் இல்லை.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பாயின் பில் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு கணக்குப் போட்டேன். நம்மூரில் ஓடிய மாருதி 800-க்கும் ஏறக்குறைய இதே அளவு குதிரைகள்தான். அப்புறம் எப்படி டிராக்டர் மட்டும் சேற்றில் கலப்பையை இழுக்கிறது? மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின் சக்கரம் நிமிஷத்துக்கு எட்டு ஒன்பது சுற்றுதான் சுற்றும். அதே நிமிஷத்தில் இன்ஜின் 2,000 சுற்று. அதாவது இன்ஜின் 200 தடவைக்கு மேல் சுற்றினால் சக்கரம் ஒரு தடவை! வேகம் குறையக் குறைய முறுக்கு ஏறும். இன்ஜின் கொடுக்கிற முறுக்கு சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது உராய்வில் போனது போக இருநூறு மடங்குக்குப் பக்கத்தில். அந்தப் பாரம் முழுக்க யார் தலையில்? கியர் பல்லும், கிரவுன்-பினியனும், ஆக்ஸில் தண்டும்தான் சுமக்க வேண்டும். ஆபீஸில் எம்.டி. உறுமுவார், ஃபைலைச் சுமப்பது கடைசி டேபிள் கிளார்க். அதே கதை.

சித்தப்பாவுக்கு உற்சாகம் வரட்டுமே என்று எட்மண்ட் ஹில்லாரி கதையைச் சொன்னேன். எவரெஸ்ட் ஏறிய அதே ஹில்லாரி, 1958 ஜனவரி 4-ம் தேதி தென் துருவத்தைத் தொட்டது ஃபெர்குசன் டிராக்டரில். சக்கரத்துக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி, பனியில் ஓட்டிக்கொண்டே போய்விட்டார்!

சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கே சேறு கிடையாதுல்ல?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில்தான் மொத்த வியாதியும் இருந்தது. மறுநாள் காலையில் பாய் அடியில் படுத்து வடிகால் போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக வர வேண்டிய ஆயில், டீக்கடை டீ கலரில் வந்தது. தண்ணீர்! நடவுக்குச் சேறடிக்கும்போது பின் சக்கரத்தில் கேஜ் வீல் மாட்டுவார்கள். ஆக்ஸில் முனை வரை சேற்றுத் தண்ணீர் ஏறும். அங்கே காவலுக்கு இருப்பது ஒரு ரப்பர் ஆயில் சீல். அது தேய்ந்தால் போச்சு. வேலை செய்து சூடான ஆக்ஸில் தண்ணீரில் நின்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். அது மூச்சு விட மேலே ஒரு சின்ன துவாரம் உண்டு. எங்கள் வண்டியில் அந்தத் துவாரத்தைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. மேலே மூச்சு விட வழியில்லாத ஆக்ஸில், கிழிந்த சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்திருக்கிறது.

பாய் ஒரு காந்தத்தை ஆயிலில் விட்டு எடுத்தார். இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

வண்டியை இரண்டாகப் பிரித்தோம். கொல்லையில் முன் பாதி தனியாக, பின் பாதி தனியாக நின்றதைப் பார்த்துச் சித்தி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து பாய் கையை விட்டுத் துழாவினார். "ஃபர்ஸ்ட் பரவாயில்லை. தேர்டும் நல்லாத்தான் இருக்கு. செகண்ட் கியர்லதான் ரெண்டு பல்லு இல்ல, மிச்சமும் கத்தி மாதிரி தேஞ்சிருக்கு. யாரோ செகண்ட் கியர்லயே குடும்பம் நடத்தியிருக்காங்க" என்றார்.

செகண்ட் கியர் என்பது எங்கள் ஊரில் சேறடிக்கிற கியர்.

சித்தப்பா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவன் காலேஜ் படிச்சப்போ ஒரு மூணு வருஷம்... வாடகைக்கு ஓட்டினேன். பகல்ல நம்ம வேலை. ராத்திரி ஊரான் வயலு. அப்போ ஆயிலு மாத்தறதுக்கெல்லாம் எங்கே போறது?"

2006-லிருந்து 2009 வரை. அப்பா தவறியதற்கு அடுத்த மூன்று வருஷம். கும்பகோணத்தில் நான் ஹாஸ்டலில் இருந்தேன். மெஸ் சாப்பாடு சரியில்லை என்று மாதம் ஒரு கடிதம் போடுவேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பாய்தான், "டீ சொல்லுங்க" என்றார்.

தேய்ந்த பல்லுக்கு வெல்டிங் வைத்து அரத்தால் ராவி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. பாய் ஒப்புக்கொள்ளவில்லை. கியர் பல்லின் மேல்தோலை மட்டும் சூடு காட்டிக் கடினமாக்கியிருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், ஒரு போகம் கூடத் தாங்காது என்றார். தவிர, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, அதோடு கடிக்கிற ஜோடியையும் மாற்ற வேண்டும். புதுப் பல்லும் பழைய பல்லும் ஒத்துப்போகாதாம். (மாமியார் மருமகள் உதாரணம் சொன்னார். சித்தி பக்கத்தில் இருந்ததால் இங்கே வேண்டாம்.)

திருச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் அரை நாள் கிண்டி ஜோடி கியரை எடுத்துக்கொண்டு வெற்றி வீரனாக வந்தேன். பாய் விரலால் எண்ணினார். ஒரு பல் அதிகம்!

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"காமர்ஸ், பாய்."

மறுபடி திருச்சி. இந்தத் தடவை பழைய கியரையே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

அப்புறம் ஆக்ஸில். இரண்டு பக்கமும் பேரிங், ஆயில் சீல் புதுசு. பழைய சீல் கசிந்ததில் பிரேக் லைனிங் முழுக்க ஆயிலில் ஊறியிருந்தது. இத்தனை நாள் பிரேக் பிடிக்காததற்குச் சித்தப்பா தன் முழங்காலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்! கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதற்குப் பாய் ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டார். பல்லில் நீலச் சாயம் தடவி, கையால் சுற்றி, எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, காகிதம் மாதிரி மெல்லிய ஷிம் தகடு ஒன்றை வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். இறுக்கமாக இருந்தால் கொதிக்கும், தளர்வாக இருந்தால் அடிக்கும். நான் நடுவில் இரண்டு தடவை "போதும் பாய்" என்றேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

சித்திரையில் வண்டி கிளம்பியது. சித்தப்பா முதலில் ஃபர்ஸ்ட் போட்டார். பத்தடி போனதும் நிறுத்தி, செகண்ட் போட்டார். சத்தமே இல்லை. பாய் ஒரு கட்டை ஸ்க்ரூ டிரைவரை கியர்பாக்ஸில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே கூட நடந்தார். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்து, "பெயின்ட் வேணாம்டா. அந்தக் காசுக்கு ஆயில் வாங்கு" என்றார் சித்தப்பா.

இடது பக்க ஆக்ஸிலில் மட்டும் இன்னமும் ராத்திரிக்கு நாலு சொட்டுக் கசிகிறது. அடியில் ஒரு கொட்டாங்கச்சி வைத்திருக்கிறார்கள்.

மொத்தச் செலவு 88,000 ரூபாய். சித்தப்பாவிடம் 30,000 என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் மனைவியிடம் 20,000. இந்த வாரம் மட்டும் எங்கள் தெருக் கடைக்குப் பத்திரிகை வராமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று ஆசிரியரைக் கேட்க வேண்டும்.