நிலத்தைப் பறித்தவர்கள் நடனம் கேட்கிறார்கள்

ஆப்பிரிக்கச் சுற்றுலாவை விற்கும் நிறுவனங்கள் இன்று இரண்டு சரக்குகளை ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகின்றன. காலையில் சிங்கமும் யானையும் காட்டப்படும். மாலையில் ‘தொன்மை மாறாத பழங்குடிகள்’ காட்டப்படுவார்கள். தான்சானியாவில் அவர்கள் மாசாய், உகாண்டாவில் பட்வா, போட்ஸ்வானாவில் சான். விலங்குகளைக் காட்டிய அதே வண்டி, அதே காமிரா, அடுத்த ஒரு மணி நேரத்தில் மனிதக் குடியிருப்பின் வாசலில் நிற்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் பணக்காரர்கள் மட்டுமல்ல, சைவச் சமையல்காரரை உடன் அழைத்துக்கொண்டு போகும் நம் நாட்டு மேல்தட்டினரும் இந்தச் சந்தையின் வாடிக்கையாளர்களாகிவிட்டனர்.

இதற்குப் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பழங்குடி மக்களுக்கு வருமானம், பயணிகளுக்கு அனுபவம், காட்டுயிர்களுக்குப் பாதுகாப்பு என மூன்று நன்மைகள் எண்ணிச் சொல்லப்படுகின்றன. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் விளம்பரங்களில் விடை கிடைப்பதில்லை. நூற்றாண்டுகளாக ஒரே நிலத்தில் வாழ்ந்த விலங்கும் மனிதரும் எப்போது, யாரால், இரண்டு தனித்தனிக் காட்சிகளாகப் பிரிக்கப்பட்டனர்?

செரெங்கெட்டியில் நடந்தது

‘செரெங்கெட்டி’ மாசாய் மொழிச் சொல். எல்லையற்ற சமவெளி என்பது அதன் பொருள். அந்தச் சமவெளியில் மாசாய் மக்கள் மாடு மேய்த்தார்கள். அதே புல்லில் காட்டெருமைகளும் வரிக்குதிரைகளும் மேய்ந்தன. மாசாய் மக்கள் வேட்டையாடி உண்பவர்கள் அல்லர். உலகமே வியக்கும் அந்த விலங்குக் கூட்டங்கள் அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில்தான் பெருகி வாழ்ந்தன. அங்கே துப்பாக்கியோடு வந்து சிங்கங்களைக் கணக்கின்றிக் கொன்று குவித்தவர்கள் வெள்ளைக்கார வேட்டைப் பிரபுக்கள்.

ஆனால் ‘பாதுகாப்பு’ என்ற முடிவு எடுக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டவர்கள் யார்? 1951-இல் பிரிட்டிஷ் காலனி ஆட்சி செரெங்கெட்டித் தேசியப் பூங்காவை அமைத்தது. 1958-இல் மாசாய் மூத்தவர்கள் சிலரிடம் ஒப்பந்தம் ஒன்றைப் பெற்று, அந்த மக்களைச் சமவெளியைவிட்டு வெளியேற்றியது. மாற்றாக ங்கோரோங்கோரோ மேட்டு நிலம் கொடுக்கப்பட்டது. விலங்குகளின் நலனும் அங்கு வாழும் மனிதர்களின் நலனும் மோதினால் மனிதர்களின் நலனுக்கே முன்னுரிமை என்று 1959-இல் ஆளுநரே வாக்களித்தார். அதே ஆண்டில் ஃபிராங்க்ஃபர்ட் விலங்குக் காட்சிசாலையின் இயக்குநர் பெர்னார்ட் கிரிசிமெக்கின் செரெங்கெட்டி பற்றிய ஆவணப்படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருதும் பெற்றது. மனிதர் இல்லாத ஆப்பிரிக்காவே உண்மையான ஆப்பிரிக்கா என்ற பிம்பம் உலகின் மனத்தில் இவ்வாறுதான் பதிக்கப்பட்டது. இன்றைய சஃபாரி வணிகத்தின் மூலதனம் அந்தப் பிம்பமே.

ஆளுநரின் வாக்குறுதி காலனி ஆட்சியோடு போயிற்று. 1970-களில் எரிமலைக் கிண்ணத்தின் அடிவாரத்தில் இருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டன. பயிர் செய்வதும் தடை செய்யப்பட்டது. இடையில் தளர்த்தப்பட்ட அந்தத் தடை 2009-இல் மீண்டும் வந்தது. வறட்சியில் மாடுகளை இழந்த குடும்பம் வீட்டோரம் சிறிது சோளம் விதைத்தாலும் அது குற்றம். இந்நிலையில் அங்கு சாலையோரத்தில் ‘பண்பாட்டு போமா’க்கள் அமைந்தன. போமா என்பது முள்வேலி சூழ்ந்த மாசாய் குடியிருப்பு. சுற்றுலா வண்டி வந்து நின்றதும் பெண்கள் மணிமாலைகளோடு வரிசையில் நின்று பாட வேண்டும். இளைஞர்கள் குதித்து ஆட வேண்டும். விதைக்கத் தடை, மேய்க்கத் தடை, ஆடுவதற்கு மட்டும் அனுமதி. இதைத்தான் பரிமாற்றம் என்கிறார்கள்!

வேட்டைக்கு உரிமம், மேய்ச்சலுக்குத் துப்பாக்கிச் சூடு

செரெங்கெட்டிக்குக் கிழக்கே உள்ள லோலியொண்டோவின் கதை இன்னும் வெளிப்படையானது. 1992-இல் அங்கு ஐக்கிய அரபு எமிரேட்சைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுக்கு வேட்டை உரிமம் வழங்கப்பட்டது. துபாய் அரச குடும்பத்தின் வேட்டைக்களமாக அது மாறியது. 2009-இலும் 2017-இலும் மாசாய் வீடுகள் எரிக்கப்பட்டன. 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை எல்லைக்கல் நட்டுப் பிரித்தெடுக்கப் பாதுகாப்புப் படை வந்தது. எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் காயமடைந்தனர், பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினர். மோதலில் காவலர் ஒருவரும் உயிரிழந்தார். சுமார் 70,000 மக்களின் வாழ்வாதாரம் ஒரே மாதத்தில் கேள்விக்குறியானது.

விலங்குகளைக் காக்கவே இது என்று அரசு கூறுகிறது. விலங்கைச் சுட்டுக் கொல்லும் கோடீசுவரருக்கு உரிமம் உண்டு. விலங்கோடு வாழும் மேய்ப்பருக்கு இடமில்லை. இதில் எந்தப் பாதுகாப்புத் தத்துவம் இருக்கிறது? பணம் செலுத்துபவருக்கே நிலம் என்ற வர்க்க நியாயம் மட்டுமே இருக்கிறது.

‘சஃபாரி’ என்ற சுவாகிலிச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். ங்கோரோங்கோரோ மாசாய் மக்களுக்கும் அரசு ஒரு பயணத்தை ஏற்பாடு செய்திருக்கிறது. சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில், தாங்கா மாகாணத்தின் ம்சொமேரா கிராமத்துக்கு அவர்களை அனுப்பும் பயணம் அது. தாமாக முன்வந்தவர்களே போகிறார்கள் என்பது அரசின் வாதம். மருத்துவம், பள்ளி முதலிய சேவைகளைத் தேயவிட்டபின் முன்வருவதற்குப் பெயர் விருப்பமா? 2024 ஆகஸ்டில் அம்மக்களின் கிராமங்களே அரசுப் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சஃபாரி வண்டிகள் செல்லும் சாலையில் திரண்டு மறித்தனர். அதன் பின்னரே நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. சுற்றுலாப் பயணி அன்று கண்டது விளம்பரத்தில் இல்லாத மாசாய். தன் நிலத்துக்காகச் சாலையில் அமர்ந்த மாசாய்.

காட்டை இழந்தவர், காட்டைக் காட்டுபவர்

உகாண்டாவில் 1991-இல் மலைக் கொரில்லாக்களைக் காப்பதற்காக புவிண்டி, ம்காகிங்கா தேசியப் பூங்காக்கள் அமைக்கப்பட்டன. அந்தக் காடுகளில் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோருக்கு இழப்பீடும் இல்லை, மாற்று நிலமும் இல்லை. இன்று பலர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைக்கிறார்கள். கொரில்லாக்களை ஒரு மணி நேரம் பார்க்க அயல்நாட்டுப் பயணி 800 டாலர் கட்டணம் செலுத்துகிறார். அதே பயணத்தில் ‘பட்வா தடம்’ என்ற மற்றொரு காட்சியையும் வாங்கலாம். எப்படித் தேன் எடுத்தோம், எப்படி நெருப்பு மூட்டினோம், எந்த இலை எந்த நோய்க்கு மருந்து என்று பட்வா மக்களே காட்டுக்குள் நடித்துக் காட்டுவார்கள். பயணம் ஒரு குகையில் முடியும். அந்த இருளில் பட்வா பெண்கள் பாடுவார்கள்.

பட்வா ஒருவர் தன் சொந்தத் தேவைக்காக அதே காட்டில் தேன் எடுத்தால் அத்துமீறியவர். பயணியின் முன் தேன் எடுப்பதுபோல் நடித்தால் பண்பாட்டுத் தூதர். ஒரு மக்களின் வாழ்க்கையைத் தடை செய்து, அதன் நகலை விற்பனைக்கு அனுமதிப்பதைவிடக் கொடிய ஏளனம் வேறென்ன? 2021 ஆகஸ்டில் உகாண்டா அரசியல் சாசன நீதிமன்றம், இம்மக்களுக்கு உரிய இழப்பீடு வழங்கப்படவில்லை என்பதை ஏற்று, பரிகாரம் காண வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. தீர்ப்பு வந்தது, காடு திரும்பி வரவில்லை.

போட்ஸ்வானாவின் மத்திய கலகாரியில் அரசு சான் மக்களை வெளியேற்றியது. அவர்களுடைய ஆழ்துளைக் கிணற்றையும் மூடியது. அங்கேயே நீச்சல் குளத்துடன் சஃபாரி விடுதி திறக்க அனுமதி கொடுத்தது. குடிநீர் உரிமைக்காக அம்மக்கள் 2011 வரை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது.

சில வாதங்களும் நமது விடையும்

சுற்றுலா இல்லாவிட்டால் இந்த ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார்கள். இந்த ஏழ்மை எங்கிருந்து வந்தது என்பதே நமது எதிர்க்கேள்வி. மேய்ச்சல் நிலமும் நீர்நிலையும் கையில் இருந்தவரை மாசாய் எவரிடமும் கையேந்தவில்லை. நிலத்தைப் பறித்து வறுமையை உண்டாக்கியவர்களே, அந்த வறுமைக்கு மருந்தாக நடனக் கூலியைக் காட்டுகிறார்கள். அந்தக் கூலியிலும் வண்டி கொண்டுவந்தவருக்கும் இடைத்தரகருக்கும் பங்கு போகிறது.

இப்போது சமூகமே நடத்தும் காப்பகங்கள் வந்துவிட்டனவே என்கிறார்கள். அவற்றில் நல்ல முயற்சிகள் இருக்கலாம். ஆனால் உடைமைப் பத்திரம் யாரிடம், மேய்ச்சலைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் என்று பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் கென்யாவின் இசியோலோ நீதிமன்றம் இரண்டு ‘சமூகக் காப்பகங்கள்’ சட்டவிரோதமாக அமைக்கப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. பெயரில் சமூகம் இருந்தால் போதாது. முடிவெடுக்கும் இடத்தில் சமூகம் இருக்க வேண்டும்.

இங்கே இடதுசாரிகளாகிய நாமும் ஒரு பாடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜூலியஸ் நைரேரேயின் தான்சானியா சோசலிசத்தைக் குறிக்கோளாக அறிவித்த நாடு. அந்த அரசும் அன்னியச் செலாவணிக்காகச் சுற்றுலாவை வளர்த்தது. காலனி ஆட்சி வகுத்த பூங்கா எல்லைகளைக் கலைக்கவில்லை. அங்கேயே தாருஸ்ஸலாமில் இளம் சோசலிஸ்டுகள் அப்போதே கேள்வி எழுப்பினர். அந்த விவாதத்தை இந்திய வம்சாவளியில் வந்த தான்சானிய மார்க்சிய அறிஞர் இசா ஷிவ்ஜி தொகுத்து 1973-இல் நூலாக்கினார். ஏகாதிபத்திய நாடுகளின் ஓய்வுநேரத்துக்குப் பணிவிடை செய்யும் தொழிலின் மேல் சோசலிசத்தைக் கட்ட முடியுமா என்பதே அவ்விவாதத்தின் மையம். அரை நூற்றாண்டு கடந்தும் அக்கேள்வி உயிரோடு இருக்கிறது.

நம் வீட்டுக்குள்ளும்

ஆப்பிரிக்காவைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நிறுத்திக்கொள்ளும் தகுதி நமக்கு இல்லை. அந்தமான் பெருஞ்சாலையில் ஜாரவா மக்களைப் பார்க்க வண்டிகள் வரிசை கட்டின. உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆட வைத்த காணொளி 2012-இல் வெளிவந்து நாட்டைத் தலைகுனிய வைத்தது. ஜாரவா காப்பகத்தின் ஊடாகச் செல்லும் அந்தச் சாலையை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இலேயே ஆணையிட்டிருந்தது. மத்தியப் பிரதேசத்தின் குனோவில் சிங்கங்களைக் குடியேற்றப்போவதாகச் சொல்லி 24 கிராமங்களின் மக்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சஹாரியா ஆதிவாசிகள். சிங்கம் வரவே இல்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்திறங்கின. பிரதமர் காமிராவோடு நின்றார். இன்று அதன் அருகே சுற்றுலாக் கூடாரங்கள் எழுகின்றன. சஹாரியா மக்களைப் பற்றி எந்தக் காமிராவும் கேட்கவில்லை.

2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் உள்ள 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை இடமாற்றும் பணியை விரைவுபடுத்தச் சொன்னது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? முதலில் உரிமைகளை அங்கீகரிக்க வேண்டும். கிராம சபையின் சுதந்திரமான ஒப்புதல் வேண்டும். அதன் பிறகே இடமாற்றம் பற்றிப் பேசலாம். ஆதிவாசிகளும் இடதுசாரி இயக்கமும் போராடிப் பெற்ற அந்தச் சட்டத்தைக் கடிதங்களால் கரைக்கப் பார்க்கிறது ஒன்றிய அரசு.

ஆகவே நமது நிலைப்பாடு தெளிவாக இருக்கட்டும். ஆடும் மாசாய் இளைஞரையோ, அழைத்துவரும் ஓட்டுநரையோ, சுமை தூக்கும் தொழிலாளியையோ நாம் பழிக்கவில்லை. அவர்கள் நம் வர்க்கத்தினர். காட்டுயிர் காக்கப்பட வேண்டும் என்பதிலும் நமக்கு மாறுபாடு இல்லை. அதை இதுவரை காத்த மக்களின் கையில் நிலவுரிமையைக் கொடுத்துக் காக்க வேண்டும் என்கிறோம். விருந்தினரை வரவேற்பதா, எப்போது, எந்த நிபந்தனையில் என்பதை அந்த மக்களே முடிவு செய்யட்டும். நிலம் தம்முடையதாக இருக்கும்போது வாசலில் வருபவரை வரவேற்பது விருந்தோம்பல். நிலம் பறிபோனபின் வரவேற்க வைப்பது அடிமைத்தனம்.

தோழர்களே, காப்பகங்களை ஒட்டிய ஒவ்வொரு மாவட்டத்திலும் கிராம சபைகளுக்குச் செல்வோம். உரிமைப் பட்டாக்கள் வழங்கப்பட்டனவா என்று கணக்கெடுப்போம். ஒப்புதலின்றி ஒரு குடும்பமும் வெளியேற்றப்படாது என்ற உறுதியை அரசிடமிருந்து போராடிப் பெறுவோம். ங்கோரோங்கோரோச் சாலையை மறித்த மாசாய் மக்களுக்கு நம் ஒருமைப்பாட்டை உரைக்க இதைவிடச் சிறந்த மொழி இல்லை.